முழங்காலில் நின்ற வகுப்பு

விஞ்ஞானம் படித்தவர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. நாலு தரவு கையில் கிடைத்தால் போதும், உடனே முடிவை எழுதிக் கீழே கோடும் போட்டுவிடுவோம். நான் ரசாயனத்தில் பட்டம் பெற்றவள். கோடு கொஞ்சம் தடிப்பாகவே போடுவேன்.

எழுபதுகளில் சிட்னிக்கு வந்து, அக்கா வீட்டில் தங்கியிருந்து, பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஜப்பானியப் பிள்ளைகள் படிக்கும் ஒரு பாடசாலையில் ஆங்கிலத்தில் விஞ்ஞானம் கற்பிக்க என்னைத் தற்காலிகமாக எடுத்தார்கள். அந்த வார வெள்ளிக்கிழமை பிள்ளைகளின் அம்மாமார் வந்து என் வகுப்பைப் பார்ப்பார்கள். அவர்களுக்குப் பிடித்தால் வேலை நிரந்தரம். பிடிக்காவிட்டால் மறுபடியும் பிஸ்கட்.

வியாழக்கிழமை ஒரு சின்னப் பரீட்சை வைத்தேன். பாடம், உராய்வு. முழு வகுப்பும் கோட்டை விட்டது.

மற்ற நாட்களில் மதியத்துக்கு முன்பே வீட்டுக்குக் கிளம்பிவிடுவேன். வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் ஒலிபெருக்கியில் ஏதோ பாட்டு. தாழ்வாரத்துக்கு வந்து பார்த்தால், என் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் முழங்காலில்! தலையில் துணி, கையில் ஈரத்துணி, பக்கத்தில் வாளி.

யாழ்ப்பாணத்தில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் முழங்காலுக்கு ஒரே அர்த்தம்தான். தரவுகளை அடுக்கினேன். நேற்றுப் பரீட்சையில் தோல்வி. இன்று முழங்கால். ஒருவர் முகத்திலும் அழுகை இல்லை, ஆகவே அடிக்கடி நடக்கும் தண்டனை. (பாவங்கள்!) முடிவு: என் பரீட்சையால் வந்த வினை.

பதற்றத்தில் ஆங்கிலம் வரவில்லை. "எழும்புங்கோ! எல்லாரும் எழும்புங்கோ! மன்னிச்சாச்சு!" என்று கையை உயர்த்தி, வாசலைக் காட்டினேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஆசிரியர் சொன்னால் மறுபேச்சில்லை. வரிசையாக நின்று, குனிந்து வணங்கி, மழையில் ஊறிக் கிடந்த மைதானத்துக்கு ஓடினார்கள்.

யூமி என்ற சிறுமி மட்டும் துணியோடு நின்றாள். "ரீச்சர், இன்னும் முடியேல்லை" என்றாள், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்.

"தண்டனை முடிஞ்சுது, அம்மா."

"தண்டனையோ? இது துப்புரவு நேரம். ஒவ்வொரு நாளும் நாங்கள்தான் துடைக்கிறது." பிறகு மெல்லச் சொன்னாள்: "அம்மா ஆக்கள் வரப்போகினம்."

வாசலில் கார்க் கதவுகள் சாத்தும் சத்தம்.

சேலையைத் தூக்கிச் செருகினேன். பிள்ளைகள் செய்வதுபோலத் துணியில் இரண்டு கையையும் ஊன்றி, இடுப்பை உயர்த்தி, தாழ்வாரம் நெடுக ஓடினேன். பாதி வழியில் முந்தானை வாளியை இழுத்தது. அதற்குப் பிறகு நான் ஓடவில்லை. தரை என்னைக் கொண்டுபோனது. உராய்வு இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று முந்தினநாள் கேட்டிருந்தேனே, அதற்குச் சரியான விடையாக வழுக்கிப்போய், ஒரு வரிசை வீட்டுச் செருப்புகளுக்கு முன்னால் நின்றேன். முழங்காலில்.

நிமிர்ந்தால் ஆறு அம்மாமாரும் தலைமை ஆசிரியரும். நான் வணக்கம் சொல்கிறேன் என்று நினைத்து அம்மாமார் ஆழக் குனிந்தார்கள். மரியாதைக்கு நானும் குனிந்தேன். நெற்றி ஈரத் தரையில் முட்டியது.

தலைமை ஆசிரியரிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். அவர் ஜப்பானிய மொழியில் சொல்லச் சொல்ல, ஆறு கைகள் ஆறு வாய்களைப் பொத்தின. அவர் மட்டும் சிரிக்கவில்லை. தரையைப் பார்த்தார். "மூலைகள் விடுபட்டிருக்கின்றன. திங்கட்கிழமை முதல் இந்தத் தாழ்வாரம் உங்கள் பொறுப்பு. பிள்ளைகள் பழக்கிவிடுவார்கள்."

ஈரச் சேலையோடு ரயிலேறி வீட்டுக்குப் போனேன்.

"வேலை கிடைச்சுதோ?" என்றாள் அக்கா.

"ஓம். ஆனா நிலம் துடைக்கிற வேலை போலக் கிடக்கு."

"இஞ்ச ஒரு நாளாவது வீடு கூட்டத் தும்புத்தடியைத் தொட்டிருப்பியே?"

அத்தான் கதிரையிலிருந்து சரிந்து சிரித்தார். (திங்கட்கிழமைதான் தெரிந்தது, அங்கே ஆசிரியர்களும் துடைப்பார்கள், வேலை நிரந்தரம் என்று.) முழுக் கதையையும் கேட்ட அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாராவது கழன்ற தோட்டைத் தேடி முழங்காலில் இருந்தாலும் அத்தான் விடமாட்டார்: "எழும்புங்கோ, மன்னிச்சாச்சு!"

அடுத்த வருடம் எனக்குக் கல்யாணம். அம்மியில் என் காலைத் தூக்கி வைக்க மாப்பிள்ளை குனிந்து முழங்காலை ஊன்றியதும், சபைக்குள்ளிருந்து அத்தானின் குரல்: "எழும்பும் தம்பி, மன்னிச்சாச்சு!"

கதை தெரியாத அந்த மனுஷன் எழும்பிவிட்டார்.