மியூட்டுக்கு வாங்கின ரீலு

உக்காருங்க. அந்த நாற்காலிய இழுக்குற சத்தம் ஓயட்டும். பின்னாடி ரெண்டு பேர் இன்னும் பேசுறீங்க, முடிச்சுட்டே வாங்க, நான் எங்கயும் போயிரல. ஆச்சா? சரி.

நம்ம லிஃப்ட் மெக்கானிக் கதை. ஊர்ல இருக்குற லிஃப்டையெல்லாம் ஏத்தி இறக்குற மனுஷன். வீட்ல அவர ஏத்தி இறக்குறது அவரு பொண்டாட்டி. அந்தம்மா ஸ்கூல் வேன் ஓட்டுறாங்க. வேன் நிறைய கத்துற பிள்ளைங்கள கண்ணாடியில ஒரு பார்வை பாத்தே அடக்குவாங்க. புருஷனுக்கு அரைப் பார்வை போதும். ஒரே பொண்ணு, ஏழாங்கிளாஸ். வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துரும்னு பயமோ என்னவோ, பேசவே பேசாது. அப்பன் வெச்ச பேரு மியூட்டு.

அப்பனுக்கும் பொண்ணுக்கும் மீன் பிடிக்கிற கிறுக்கு. ஞாயித்துக்கிழமையானா ஏரிக்கரைதான். போன மாசம் மெக்கானிக் தன்னோட தூண்டில் மேலயே உக்காந்துட்டாரு. கம்பு மூணா போச்சு, தூண்டில் நரம்பு சுத்துற ரீல் அப்பளமா போச்சு. வீட்ல மிச்சம் இருந்தது மியூட்டோட சின்ன வயசுத் தூண்டில் ஒண்ணுதான். மஞ்சக் கலரு. ரீல் மூடி மேல ஒரு வாத்து சிரிச்சிக்கிட்டு இருக்கும், பட்டன அமுக்கி விட்டா நரம்பு தானா ஓடும்.

மனுஷனுக்கு பெய்ட்காஸ்டர் ரீல் மேல ஆசை. அது வேற ஜாதி ரீலுங்க. சாதா ரீல்ல உருளை சும்மா நிக்கும், நரம்பு மட்டும் கழண்டு ஓடும். இதுல உருளையே சேர்ந்து சுத்தும். கட்டைவிரலால தடவித் தடவி அத அடக்கணும். அசந்தா, தூண்டில் நரம்பு வெளிய போறதுக்குள்ள உருளை தலைதெறிக்கச் சுத்தி, உள்ளயே சிக்கிக் குருவிக்கூடு கட்டிரும்.

எனக்கு வேணும்னு கேட்டா கிடைக்காது. உக்காந்து ஒடச்சவனுக்கு ஏது ரீலு? அதனால பொண்ணு பேர்ல மனு போட்டாரு. ஒரு வாரத்துல அவளுக்கு அலுத்துரும், அப்புறம் நமக்குத்தான்னு உள்ளுக்குள்ள கணக்கு.

"இந்தா பாரும்மா, மியூட்டு வளந்துட்டா. வாத்து ரீல வெச்சிக்கிட்டு எத்தன நாளு? ஒரு பெய்ட்காஸ்டர் வாங்கிக் குடுப்போம்."

"யாருக்கு?"

"பொண்ணுக்குத்தான்."

"உங்களுக்கில்லையே?"

"எனக்கெதுக்கு? நான் கரையில உக்காந்து வேடிக்க பாத்துக்குறேன்."

"சரி வாங்க, சனிக்கிழமை போவோம்."

இவ்வளவு சீக்கிரம் 'சரி' வந்தா யாரா இருந்தாலும் உஷாராயிருக்கணும். இவரு குளிக்கப் போயி பாட்டுப் பாடுனாரு. மூலையில மியூட்டு, செல்லோ டேப் உருளைய பென்சில்ல மாட்டிச் சுத்திவிட்டு, கட்டைவிரலால டக்கு டக்குனு நிறுத்திக்கிட்டு இருந்துச்சு. பிள்ளை ஏதோ விளையாடுதுன்னு நெனச்சிக்கிட்டாரு.

சனிக்கிழமை தூண்டில் கடை. கடைக்காரரு ஒல்லியா, அவரே ஒரு கம்பு மாதிரி இருந்தாரு.

"முதல் தடவையா பாப்பாவுக்கு?"

"ஆமாங்க. ஆனா பெருசாவே குடுங்க, கைக்கு அடக்கமா."

"எந்தக் கைக்கு?" இது அந்தம்மா.

"வளர்ற கை." தன்னோட முறம் மாதிரி உள்ளங்கையில ஒரு ரீல வெச்சுப் பாத்தாரு. கச்சிதம். "கைப்பிடி இடது பக்கம் வர்ற மாதிரி எடுங்க. வலது கையால வீசி, இடது கையால சுத்த வசதி."

"யாருக்கு வசதி?"

"பொண்ணுக்குத்தாம்மா."

"என்னங்க, நம்ம பொண்ணு எந்தக் கையால எழுதுறா?"

மனுஷன் பொண்ணப் பாத்தாரு. பொண்ணு இடது கையால மூக்கச் சொறிஞ்சுது.

"இதுல கைப்பிடியக் கழட்டி அந்தப் பக்கம் மாட்ட முடியாதுண்ணே," கடைக்காரரு சொன்னாரு. "இடக்கைக்காரப் பாப்பான்னா வலப்பக்கக் கைப்பிடிதான்."

"அதெல்லாம் பழகிருவா," மெக்கானிக் விடல. "ரெண்டு கையும் பழகுறது மூளைக்கு நல்லது."

அந்தம்மா கோவப்படல. அதான் பயங்கரம். "எதுக்கு வாய்ச்சண்டை? கடைக்குப் பின்னாடி ஒரு பழைய டயர் கெடக்கு. ரெண்டு பேரும் வீசிப் பாருங்க. யாரு கைக்கு ஒழுங்கா போகுதோ, அவங்க சொல்ற ரீலு. மத்தவங்களுக்கு வாத்து."

மெக்கானிக்குக்கு உள்ளுக்குள்ள பட்டாசு. ஏழாங்கிளாஸ் கூடப் போட்டியா? டயர் அங்க கெடக்குறது இவளுக்கு எப்படித் தெரியும்னு கேக்கணும்னு அவருக்குத் தோணவே இல்ல.

பின்னாடி முற்றம். கடைக்காரரு தன் கம்புல அந்தப் பெரிய ரீல மாட்டி, ஒரு ஈயக் குண்டு கட்டிக் குடுத்தாரு. "உருளை ரொம்பச் சுத்தாம பிரேக் வெச்சிருக்கேண்ணே. முதல் தடவைன்னா அப்படியே இருக்கட்டும்."

"பிரேக்கெல்லாம் சின்னப் பசங்களுக்கு," மனுஷன் பிரேக் திருகாணிய முழுசாத் தளர்த்திட்டாரு.

"ஊர் லிஃப்டுக்கெல்லாம் பிரேக் பாக்குற ஆளு," அந்தம்மா முணுமுணுத்தாங்க.

கம்பு பின்னாடி போச்சு. வயிறு முன்னாடி வந்துச்சு. விட்டாரு பாருங்க ஒரு வீச்சு. உருளை கர்ருனு அலறுச்சு. குண்டு அவரு செருப்புப் பக்கத்துலயே தொப்புனு விழுந்துச்சு. ரீலுக்குள்ள இருந்து நரம்பு புஸ்ஸுனு பொங்கி, சலூன்ல கூட்டாத முடி மாதிரி ரெண்டு கையிலயும் தொங்குச்சு.

"காத்து," மனுஷன் சொன்னாரு.

அடுத்தது மியூட்டு. கடைக்காரரு உள்ள போயி ஒரு சின்ன டப்பா எடுத்துட்டு வந்தாரு. வலப்பக்கக் கைப்பிடி வெச்ச சின்ன ரீலு; அத வேற கம்புல மாட்டி, குண்டு கட்டிக் குடுத்தாரு. சின்னக் கட்டைவிரல் உருளை மேல சரியா உக்காந்துச்சு. பொண்ணு இடது கையால அலட்டாம வீசுச்சு. குண்டு கோடு போட்ட மாதிரி போச்சு. கட்டைவிரல் டக்குனு அழுத்துச்சு. டயருக்குள்ள பொத்.

"போன சனிக்கிழமைய விட நல்லா வருதே பாப்பா," கடைக்காரரு வாய விட்டாரு. "அக்கா, நீங்க எடுத்து வெக்கச் சொன்னது இதேதான். பில்லு போட்டுரவா?"

மெக்கானிக் மெதுவாத் திரும்புனாரு. "போன சனிக்கிழமையா? நான் கேக்குறதுக்கு முன்னாடியேவா?"

"நீங்க எப்படியும் கேப்பீங்கன்னு தெரியும்," அந்தம்மா பைய எடுத்தாங்க. "பொண்ணுக்குத்தான்னு உங்க வாயால வரட்டும்னு காத்திருந்தேன்."

மனுஷன் கையில சிக்கோட சிலையா நின்னாரு. ஞாயித்துக்கிழமை ஏரிக்கரை கண்ணுல ஓடுச்சு. எல்லார் முன்னாடியும் அவரு. அவரு கையில சிரிக்கிற வாத்து.

மியூட்டு பக்கத்துல வந்துச்சு. அப்பன் விரல்ல சுத்தியிருந்த நரம்ப ஒவ்வொண்ணா விடுவிச்சுது. அப்புறம் அந்த வாரத்துக்கே சேத்து வெச்சிருந்த பேச்சப் பேசுச்சு:

"கவலப்படாதீங்கப்பா. வாத்துல ஒரு பட்டன்தான், எங்க அமுக்கணும்னு நான் காட்டித் தரேன்."