பாஸ் இல்லாத ஆட்டம்

வீடியோ கேம் உலகத்தைத் திருத்தாமல் விடுவதில்லை என்று அயூப் முடிவு பண்ணிவிட்டார். திருத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அதனால் என்ன? மேடவாக்கம் ஃபிளாட்டின் மூன்றாம் மாடியிலிருந்து யூடியூபில் முழங்குவார். "பாதி வெந்த கேமை ரிலீஸ் பண்றான்! மீதியை அப்புறம் அனுப்புறானாம்! அரிசியையும் கறியையும் கையில குடுத்துட்டு, பிரியாணி நாளைக்கு வெந்துடும்னு சொன்னா ஒத்துப்பீங்களா?"

சேனலுக்கு நாற்பத்தொரு சந்தாதாரர்கள். அதில் எட்டுப் பேர் மாமியார் வீட்டு ஆட்கள்.

இப்பேர்ப்பட்ட நியாயவான் வீட்டில் ஒரே ஒரு பொய் சொல்லி வைத்திருந்தார். அபார்ட்மெண்டுக்குத் தினமும் காலையில் தண்ணி லாரி வரும். ஒரு நாளைக்கு ஒரு வீடு முறை வைத்துக் கீழே போய், தரைக்கடியில் இருக்கும் சம்ப் தொட்டியின் மூடியைத் திறந்துவிட்டு, லாரி காலியாகிற வரைக்கும் வெயிலில் நிற்க வேண்டும். இவர்கள் முறை ஞாயிற்றுக்கிழமை. வாரம் பூராவும் உழைக்கிற அயூபுக்கு ஆடக் கிடைப்பதும் அந்த ஒரு காலைதான். அதை விட்டுக்கொடுக்க அவருக்கு மனசே வரவில்லை.

"ஏங்க, லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான்."

"ஆன்லைன் கேம்மா. பாஸ் கிடையாது. நடுவுல நிறுத்தினா எதிராளி என்னைத் தீர்த்துக் கட்டிடுவான்."

"அப்படியா, ஐயோ பாவம்!" என்று மனைவி ஹஃபீசா துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு இறங்கிப் போவாள். ஆறு மாதமாகப் போனாள். இவர் ஆடியதோ ஒண்டியாக டிராகன் வெட்டுகிற கேம். பாஸ் பட்டனைத் தட்டினால் டிராகன் திறந்த வாயோடு அப்படியே நிற்கும்.

போன வியாழக்கிழமை, சேனலின் சரித்திரத்திலேயே முதல் கேள்வி வந்தது. 'அண்ணா, தனியா ஆடுற கேம்லகூட பாஸ் வேணாம்னு சிலர் சொல்றாங்க. உங்க கருத்து என்ன?'

அயூபுக்குத் தலைகால் புரியவில்லை. சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு பதில் வீடியோ எடுத்தார். "ஆடுறவனுக்குக் குடும்பம் இல்லையா, குட்டி இல்லையா? எழுந்து போக விடாத கேம் மனுஷனுக்கு எதிரி! அதை இந்த அயூப் தொட மாட்டான்! நான் ஞாயித்துக்கிழமை ஆடுற டிராகன் கேமைப் பாருங்க, எப்ப வேணும்னாலும் நிறுத்தலாம்!"

பதினோரு லைக். இரண்டு நாள் மிதந்தார்.

ஞாயிறு. ஹாரன்.

"ஏங்க, லாரி."

"பாஸ் கிடையாதும்மா, ஆன்லைன்..."

ஹஃபீசா போனை மேஜையில் சாய்த்து வைத்துத் தட்டினாள். "எழுந்து போக விடாத கேம் மனுஷனுக்கு எதிரி!" என்று இஸ்திரி போட்ட அயூப், லுங்கி கட்டிய அயூபைப் பார்த்து முழங்கினார்.

"அந்தக் கேள்வி... நீயா கேட்ட?"

"நாந்தான் அண்ணா."

"யா அல்லாஹ்! கட்டின புருஷனைப் போய் அண்ணாங்கிறியே!"

"அது பொய் ஐடிங்க. அந்த ஐடிக்கு நீங்க அண்ணாதான்."

"அது வந்து ஹஃபீசா... சில கேம்ல பாஸ் இருக்கும், சில கேம்ல இருக்காது..."

"கேம்ல இருக்கோ இல்லையோ, இந்த வீட்ல ஒரு பாஸ் இருக்கேன். கீழே இறங்குங்க."