ஒண்ணாம் பக்கம் அடியில

1991-ல ஸ்ரீவில்லிபுத்தூர் இலக்கிய ஊக்குவிப்பு அலுவலகம் ஒரு நாவல் போட்டி வச்சது. ஜெயிக்கிற நாவலை அவியளே அச்சுப் போட்டுத் தருவாகளாம். ராஜபாளையத்துல காலேஜுக்குப் போகாம உக்காந்து நூத்திப் பன்னெண்டு பக்கம் எழுதினேன். பக்கத்து வீட்டு வெள்ளத்தாயக்கா கதை. பள்ளிக்கூடம் போன பிள்ளை, பொறவு பஞ்சாலை, ஸ்டிரைக்கு, கடைசில வேலை போயி மில்லு கேட்டு வாசல்ல நிக்கா.

குமாஸ்தா சங்கிலிப்பாண்டி அண்ணாச்சி வாங்கி, ஓட்டை போட்டு, கயித்துல கோத்தாரு. கடைசிப் பக்கம் மேல, ஒண்ணாம் பக்கம் அடியில.

"அண்ணாச்சி, தலைகீழா இருக்கு!"

"ஒண்ணாம் பக்கம்தானய்யா மொதல்ல எழுதுன?"

"ஆமா."

"அப்ப அது பழைய தாளு. பழசு அடியில, புதுசு மேல. ஃபைலு எப்பவும் இப்படித்தான்."

"இது ஃபைலு இல்ல, நாவல்!"

"கயிறு போட்டாச்சுல்லா? ஃபைலுதான்."

ஒரு மாசத்துல கடுதாசி வந்துச்சு. ‘மேற்படி நாவல் முடிவில் தொடங்கித் தொடக்கத்தில் முடிவதாலும், பக்க எண்களும் அதற்கேற்ப இறங்குமுகமாக இருப்பதாலும், துணிச்சலான புதிய உத்தி எனக் கருதி முதற்பரிசு வழங்கப்படுகிறது.’

பஸ் பிடிச்சு ஓடுனேன். அதிகாரி சமுத்திரம் சார்ட்ட கத்துனேன்: "சார், அது உத்தி இல்ல, உங்க ஆபீஸ் கயிறு!"

"தம்பி, நேரா வாசிச்சா இது வெறும் மில்லுக் கதை. நேராக்கணுமா, மனு குடுங்க. பரிசு ரத்தாகும்."

வீட்டுல இருந்த நகலைத் தலைகீழா அடுக்கி, இந்தக் கூத்தைக் கேளுக்கான்னு வெள்ளத்தாயக்காட்ட வாசிச்சேன். அக்கா சிரிக்கல.

"ஏலே, கடைசில நான் ரெட்டைச்சடை போட்டுப் பள்ளிக்கூடம் போறேனா?"

"ஆமாக்கா, அதான் தப்பு..."

"வாயை மூடுலே. இப்படியே இருக்கட்டும்."

மனு குடுக்கல. புத்தகம் வந்துச்சு. கூட்டத்துக்குக் கூட்டம் போயி தலைகீழ் உத்தி பத்தி நானே விளக்குனேன், வெக்கமில்லாம.

மறு வருசம் தளவாய்புரத்துல இருந்து மம்சாபுரம் வரை பேனா பிடிச்ச அம்புட்டுப் பேரும் சாவுல தொடங்கித் தொட்டில்ல முடிச்சாக. என்னோடதும் சேத்து நாப்பத்தோரு நாவல். சங்கிலிப்பாண்டி அண்ணாச்சி அம்புட்டையும் முறைப்படி கோத்தாரு.

‘அனைத்து நாவல்களும் பிறப்பில் தொடங்கி இறப்பில் முடிகின்றன. உத்தி ஏதும் காணப்படவில்லை. தள்ளுபடி.’

இந்தத் தடவை விடல. வாய்க்கு வந்தபடி ரெண்டு பக்கத்துக்கு மனு எழுதி, மறுபடி வாசிக்கச் சொல்லிக் குடுத்தேன். அண்ணாச்சி அதை என் நாவலுக்கு மேல கோத்தாரு. புது தாளுல்லா.

எனக்கே முதற்பரிசு. கதை தொடங்குமுன்னே ஆசிரியன் வந்து அலுவலகத்தைத் திட்டுறது, துணிச்சலான புதிய உத்தியாம்.

இந்த வருசம் நாப்பது பேரும் மனு எழுதிக்கிட்டு இருக்காக. நான்தான் திருத்திக் குடுக்கேன்.