அத்தை வீட்டின் வழியே ஆறு நிமிடம் மிச்சம்

அதிகம் படித்தால் சில சமயம் கண்ணே தெரியாமல் போய்விடும். நகரத் திட்டமிடலில் முதுகலை முடித்த நான், ஒரு வீட்டை ரோடு என்று ஊருக்கே அறிவித்தவன்.

அப்போது திருவனந்தபுரத்தில், நகரத் திட்டமிடுபவர்களின் சங்கம் ஒன்றில் எனக்குத் தற்காலிக வேலை. எங்கே வேலை காலி, எங்கே கருத்தரங்கு, என்ன புதுச் செயலி வந்திருக்கிறது என்று வாராவாரம் உறுப்பினர்களுக்கு மின்மடல் அனுப்ப வேண்டும். ஆறு மாதம் ஒழுங்காகச் செய்தால் நிரந்தரம் என்றிருந்தார் டைரக்டர் மேடம். ஐந்தரை மாதம் ஒழுங்காகத்தான் செய்தேன்.

அந்த வாரம், நாம் நடக்கும் பாதையைத் தானே வரைபடமாக்கும் ஒரு செயலியை அறிமுகப்படுத்தினேன். சும்மா எழுதினால் போதாதே. (மேதாவி அல்லவா.) போனைப் பையில் போட்டுக்கொண்டு, கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டிலிருந்து அக்ரஹாரத்துப் பின்தெரு வரை நடந்தேன். கச்சிதமாகக் கோடு விழுந்தது. ‘யாரும் அறியாத பொது நடைபாதை, ஆறு நிமிடம் மிச்சம்’ என்று தலைப்புப் போட்டு அனுப்பிவிட்டேன்.

அந்தக் கோட்டின் நடுப்பகுதி என் அத்தையின் வீடு. வாசலில் நுழைந்தால் ரேழி, கூடம், முற்றம், அடுக்களை என்று நீண்டுகொண்டே போய்ப் பின்தெருவில் திறக்கும். எங்கள் குடும்பத்தில் எல்லோரும் சின்ன வயதிலிருந்தே அதன் வழியாகத்தான் குறுக்கே போவோம். நடுவில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டதுகூட எனக்கு உறைக்கவில்லை.

மேடத்துக்கு மடல் ரொம்பப் பிடித்துவிட்டது. சனிக்கிழமை காலை இருபது உறுப்பினர்களோடு பாதையைப் பார்வையிடக் கிளம்பிவிட்டார். நான்தான் வழிகாட்டி. அத்தை வீட்டு வாசலில் பழக்க தோஷத்தில் செருப்பைக் கழற்றக் குனிந்தபோதுதான் நான் வரைந்தது ரோடு இல்லை, வீடு என்று புரிந்தது. நிமிர்வதற்குள் எல்லோரும் போனைப் பார்த்தபடியே உள்ளே போய்விட்டார்கள்.

முற்றத்தில் அத்தையின் கணவர், எங்கள் அத்திம்பேர், இடுப்பில் ஒரு துண்டோடு உச்சி முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு நின்றிருந்தார். ஒருவர் டேப் வைத்து ரேழியின் அகலத்தை அளந்தார். இன்னொருவர் கிரைண்டரை ‘ஆக்கிரமிப்பு’ என்று குறித்துக்கொண்டார். மூன்றாமவர் நிழல் அருமை என்று பாராட்டினார்.

“யாருடா இவாள்லாம்?”

“நகரத் திட்டம் போடறவா, அத்திம்பேர்.”

“நான் குளிக்கறதுக்கு என்னத்துக்குடா திட்டம்?”

மேடம் என் பக்கம் திரும்பி மலையாளத்தில் கேட்டார். “எடோ, இது வழியாணோ, வீடாணோ?”

“ரெண்டும்தான் மேடம்” என்றேன். பொய்யில்லை. ஆனால் வேலை போயிற்று என்றே முடிவு செய்துவிட்டேன்.

அதற்குள் அடுக்களையிலிருந்து அத்தையின் குரல். “செருப்போட ஒருத்தரும் ஆத்துக்குள்ள நிக்கப்படாது. கழட்டிப் போட்டுட்டு உக்காருங்கோ, காப்பி தரேன்.”

மேடம்தான் முதலில் கழற்றினார். இரண்டாவது டம்ளர் காப்பிக்குப் பிறகு அவரே சிரிக்கவும் ஆரம்பித்தார்.

வேலை நிரந்தரமாயிற்று. ஒரே நிபந்தனை, வேலைவாய்ப்புப் பகுதியைத் தவிர வேறெதையும், முக்கியமாக வரைபடங்களை, நான் தொடக்கூடாது. அடுத்த மடலில் திருத்தமும் போட்டேன். திருத்தத்தை யார் படிக்கிறார்கள்? இன்றைக்கும் அவ்வப்போது யாராவது போனும் கையுமாக அத்தை வீட்டு வாசலில் வந்து நிற்கிறார்கள்.

அதனால் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு எனக்குத் தவறாமல் ஒரு போன் வரும்.

“டேய், இன்னிக்கு நம்ம ரோடு தொறந்திருக்கா, அடைச்சிருக்கா? சொன்னேன்னா எண்ணெய் தேச்சுண்டுடுவேன்.”