கூட்டக் குறிப்பில் காலமானவர்

செய்யாத வேலைக்குக் கிடைக்கும் பாராட்டுக்கு ஒரு தனி ருசி உண்டு. மூன்று வாரம் அதை வயிறாரச் சாப்பிட்டேன். நாலாவது வாரம் ஜீரணமாகவில்லை. (நான் சொல்லாவிட்டால் என் வீட்டுக்காரர் சொல்லிவிடுவார். அவர் சொல்லும்போது கதையில் இன்னும் ரெண்டு பஸ் கூடுதலாக வரும். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.)

கொய்யாக் கூழ் தயாரிக்கும் ஒரு கம்பெனியின் திண்டுக்கல் கிளையில் எனக்கு வேலை. கிளை என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். கீழே ஓர் அலுவலக அறை, பின்னால் தகரக் கொட்டகை, மாடியில் மேலாளர் ஆரோக்கியசாமி சாரின் வீடு. அவ்வளவுதான். ஆயக்குடியில் ஈஸ்வரி என்ற பெண் தோட்டக்காரர்களிடம் பழம் வாங்கிப் பெட்டி பெட்டியாக அனுப்புவாள். நாங்கள் தரம் பிரித்து, ஐஸ் வைத்து, திருச்சி ஃபேக்டரியிலிருந்து வரும் லாரியில் ஏற்றிவிடுவோம். முதலாளி இருப்பது திருச்சியில்.

வியாழக்கிழமைதோறும் மத்தியானம் மூன்று மணிக்கு நாங்கள் மூன்று பேரும் ஆன்லைனில் மீட்டிங் போடுவோம். பேசியதை எழுதி முதலாளிக்கு அனுப்புவது என் பொறுப்பு. எனக்கோ எழுதுவதென்றால் வேப்பங்காய். "பெட்டி பற்றிப் பேசப்பட்டது. ஐஸ் பற்றியும் பேசப்பட்டது" என்று எழுதி அனுப்பிவிடுவேன். ஒருநாள் முதலாளி போன் செய்து, பேசி என்ன முடிவு செய்தீர்கள் என்று கேட்டார். முடிவை மட்டும் நான் கவனித்திருக்கவில்லை.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் தங்கையிடம் புலம்பினேன். இதுக்கெல்லாம் இப்போது ஏஐ வந்துவிட்டது, நீ இன்னும் பேனாவைக் கடித்துக்கொண்டிருக்கிறாயா என்று சிரித்துவிட்டு, ஒன்றை என் கம்ப்யூட்டரில் போட்டுக்கொடுத்தாள். அது மீட்டிங்கில் நாலாவது ஆளாக வந்து உட்கார்ந்துகொள்ளும். யார் என்ன சொன்னார்கள், என்ன முடிவானது, எந்த வேலை யார் தலையில் என்பதையெல்லாம் நல்ல தமிழில் சுருக்கி எழுதிவிடும்.

முதல் வாரக் குறிப்பைப் படித்துவிட்டு முதலாளியே கூப்பிட்டார். "கவிதா, இப்பத்தாம்மா ஒரு மீட்டிங் நடந்த மாதிரி இருக்கு" என்றார். அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். "முயற்சி பண்றேன் சார்" என்றேன். அன்று சாயங்காலமே, குறிப்பின் அடியில் 'இது ஏஐ தயாரித்தது' என்று வரும் வரியை எப்படி எடுப்பது என்று கண்டுபிடித்தேன். எடுத்த இடம் காலியாக இருந்தது. என் பெயரைப் போட்டேன்.

இரண்டாவது வாரம், கவிதா எழுதுவதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று ஃபேக்டரியில் எல்லாப் பிரிவுக்கும் என் குறிப்பை அனுப்பச் சொல்லிவிட்டார் முதலாளி. மூன்றாவது வாரம் நான் அதைப் படிப்பதையே விட்டுவிட்டேன். மீட்டிங் முடிந்ததும் அதுவே எழுதி, அதுவே எல்லோருக்கும் அனுப்பும்படி செய்துவைத்தேன். (மினிட்ஸ் எழுத ஆள் வைத்த முதல் குமாஸ்தா நானாகத்தான் இருப்பேன்.)

நாலாவது வியாழக்கிழமை வந்தது. ஆரோக்கியசாமி சாருக்குப் பல மாதமாகக் கடைவாய்ப் பல்லில் வலி. அன்று நாலு மணிக்குப் பல் டாக்டரிடம் நேரம் வாங்கியிருந்தார். மீட்டிங் பாதியில் தாடையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "தாங்கலம்மா. செத்த நேரம் நீங்களே பேசிக்கிட்டிருங்க, நான் போறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

ஈஸ்வரி திரையில் எட்டிப் பார்த்தாள். "ஏனுங்கக்கா, சார் போயிட்டாருங்களா?"

"போயிட்டாரு. பாவம், எம்புட்டு நாளா கஷ்டப்பட்டாரு. இனிமே வலி இருக்காது."

"அதுவும் நல்லதுக்குத்தானுங்க" என்றாள் ஈஸ்வரி.

பிறகு வேலையைப் பேசினோம். பெட்டி காலையில் ஆறு மணிக்கு வந்துவிடும் என்றாள். பத்து மணிக்கு எடுக்க வேண்டும், அதுவரை தாங்க ஐஸ் நிறைய வேண்டும், இந்த வெயிலில் விட்டால் நாற்றம் எடுத்துவிடும் என்றேன். 'பழம்' என்ற வார்த்தையை நாங்கள் ரெண்டு பேருமே சொல்லவில்லை. வருஷக்கணக்காகப் பழத்தையே பேசுகிறவர்கள் அதை எதற்குத் தனியாகச் சொல்ல வேண்டும்?

மகள் பள்ளியில் பெற்றோர் கூட்டம் இருந்ததால் மீட்டிங் முடிந்ததும் அவசரமாக ஓடினேன். ஓடிய வேகத்தில் சார்ஜில் போட்டிருந்த போனை மேஜையிலேயே விட்டுவிட்டேன். பள்ளிக்கூடத்தில்தான் ஞாபகம் வந்தது. ஒருநாள் போன் இல்லாமல் இருந்தால் குடியா முழுகிவிடும் என்று நினைத்து வீட்டுக்குப் போனேன்.

அன்று மாலை என் பெயரில் திருச்சிக்குப் போன குறிப்பு இது:

"1. மேலாளர் திரு. ஆரோக்கியசாமி கூட்டத்தின் நடுவே காலமானார். நீண்ட நாள் வலியால் அவதிப்பட்டு வந்தார்.
2. இது நல்லதற்கே என உறுப்பினர் ஈஸ்வரி கருத்துத் தெரிவித்தார்.
3. பெட்டி காலை 6 மணிக்கு வரும். பொறுப்பு: ஈஸ்வரி.
4. நாற்றம் ஏற்படாதிருக்கப் போதிய ஐஸ் வைக்கப்படும். பொறுப்பு: கவிதா.
5. காலை 10 மணிக்கு எடுக்கப்படும்.
6. அடுத்த கூட்டம் வழக்கம்போல் வியாழக்கிழமை நடைபெறும்."

நம்ம ஊரில் 'செத்த நேரம்' என்றால் கொஞ்ச நேரம் என்பது அதற்குத் தெரியவில்லை. வார்த்தைக்கு வார்த்தை கேட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் மரியாதையாக எழுதிவிட்டது.

முதலாளி நம்பாமல் எனக்குப் போன் செய்திருக்கிறார். என் போன் பூட்டிய அறைக்குள் அடித்து ஓய்ந்தது. அடுத்து சாரின் எண்ணுக்கே கூப்பிட்டிருக்கிறார். சாரின் மனைவி மதுரையில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். சாருக்கு அப்போதுதான் பல்லைப் பிடுங்கி, வாய் நிறையப் பஞ்சு வைத்து அனுப்பியிருந்தார்கள். போனை எடுத்து "ம்ம்ம்... ங்ஙா..." என்றாராம். வீட்டில் யாரோ பேச முடியாமல் விம்முகிறார்கள் என்று நினைத்த முதலாளி, மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள், காலையில் வந்துவிடுகிறோம் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். சார் மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார்.

கடைசியாக ஈஸ்வரிக்குப் போன் போயிருக்கிறது. அவள் மெயில் பக்கமே போகாதவள். முதலாளி வாயாலேயே சாவுச் செய்தியைக் கேட்டதும் அப்படியே நம்பிவிட்டாள். மத்தியானம் வலி தாங்காமல்தான் எழுந்து போனாருங்க, பல் டாக்டர்கிட்ட ஏதோ ஆகிப்போச்சு போலிருக்குங்க என்று அழுதிருக்கிறாள். ஆக, சாவு உறுதியாயிற்று. துக்கத்தை முன்னிட்டு மறுநாள் ஃபேக்டரிக்கு விடுமுறை. பழம் ஏற்ற வரவேண்டிய லாரியும் ரத்து.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அலுவலகத்துக்குப் போனேன். கொட்டகை வாசலில் பழப்பெட்டிகள் வந்து இறங்கியிருந்தன. அவற்றின்மேல் ஈஸ்வரி உட்கார்ந்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது. மாடிக் கதவு சாத்தியிருந்ததால், உடல் ஆஸ்பத்திரியிலிருந்து வரட்டும் என்று காத்திருந்தாளாம். என்னைப் பார்த்ததும் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "சார் இப்படிப் பண்ணிட்டுப் போயிட்டாருங்களேக்கா" என்றாள்.

சார் இறந்துவிட்டாரா என்று கேட்டேன். முதலாளியே சொன்னாருங்க என்றாள். நேற்று அவர் தாடையைப் பிடித்துக்கொண்டு போனதுதான் கண்ணில் நின்றது. பெட்டிமேல் உட்கார்ந்து நானும் அழ ஆரம்பித்தேன். என் மெயிலைத்தான் முதலாளி நம்பினார், முதலாளியைத்தான் ஈஸ்வரி நம்பினாள், ஈஸ்வரியை நான் நம்பினேன். நானே அனுப்பிய பொய்க்கு நானே ஒப்பாரி வைத்த சங்கதி இது. (இந்த இடத்தில் என் வீட்டுக்காரர் நடித்துக் காட்டுவார். எனக்கு அவ்வளவு கோணலாக வாய் போகாது.)

மாடிக் கதவு திறந்தது.

வெள்ளை வேட்டி, வெள்ளைப் பனியன். வீங்கிய தாடையை அமுக்கி உச்சந்தலையில் முடிச்சுப் போட்ட வெள்ளைத் துணி. அந்தக் கோலத்தில் ஆரோக்கியசாமி சார் ஒவ்வொரு படியாக இறங்கிவந்தார். ஈஸ்வரி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளோடு சேர்ந்து நானும் சரிந்தேன். சார் எங்களைப் பார்த்து, என்ன என்று கையை விரித்துக் கேட்டார். பேச முடியவில்லை அவருக்கு.

அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் பஸ் திரும்பியது. ஃபேக்டரி ஆட்களை ஏற்றி இறக்கும் பஸ். கண்ணாடியில் கறுப்புத் துணி கட்டியிருந்தார்கள். முதலில் முதலாளி இறங்கினார். கையில் ஆளுயர ரோஜா மாலை. பின்னாலேயே நாற்பது பேர் தலையைக் குனிந்தபடி இறங்கினார்கள்.

இருபது வருஷத்தில் முதலாளி இந்தக் கிளைக்கு இத்தனை பேரோடு வந்ததே இல்லை. மாலையைப் பார்த்ததும் சாருக்குக் கண் கலங்கிவிட்டது. காலையில் வருகிறோம் என்று போனில் சொன்னது தன் சேவையைப் பாராட்டத்தான் என்று முடிவு செய்துவிட்டார். வேகமாக முன்னால் போய்க் கைகூப்பி, வாகாகக் கழுத்தை நீட்டினார். முதலாளிக்கு மூச்சே நின்றுபோனது. ஆனாலும் நீட்டிய கழுத்தில் மாலையைப் போட்டுவிட்டார். அந்த நிமிஷத்தில் வேறு என்ன செய்வதென்று யாருக்குத்தான் தெரியும்?

பிறகு நாற்பது பேரும் என் பக்கம் திரும்பினார்கள்.

முதலாளி சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தார். என் குறிப்பு, என் பெயரோடு. ஆறு வரியையும் நிறுத்தி நிதானமாக வாசித்தார். இரண்டாவது வரி வந்தபோது ஈஸ்வரி என் கையை விட்டுவிட்டாள்.

"இது நீ எழுதினதுதானேம்மா?" என்று கேட்டார்.

"நான் எழுதலை சார்" என்றேன். "போன மூணு வாரமும்கூட நான் எழுதலை."

எல்லாவற்றையும் சொன்னேன். ஏஐ, எடுத்துவிட்ட வரி, போட்டுக்கொண்ட பெயர், படிக்காமலே அனுப்பியது, எதையும் மறைக்கவில்லை. வேலை போய்விட்டது என்று தீர்மானித்துக்கொண்டுதான் சொன்னேன். மகள் பள்ளிக்கு என்ன செய்வது என்றுகூட ஒரு ஓரத்தில் யோசித்துவிட்டேன்.

சார் அந்தத் தாளைக் கையை நீட்டி வாங்கினார். மாலையும் கழுத்துமாக நின்று முழுவதையும் படித்தார். என் மேஜையிலிருந்து ஒரு பேனாவை எடுத்துவரச் சொல்லிச் சைகை செய்தார். அடியில் ஏதோ எழுதி முதலாளியிடம் கொடுத்தார். முதலாளி படித்துவிட்டுச் சிரிப்பு தாங்காமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தார். தாள் கைக்குக் கை மாறி என்னிடம் வந்தது.

"முதல் அம்சம் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்படுகிறது. மற்ற அனைத்தும் ஏற்கப்படுகின்றன."

ஏற்கப்பட்ட மற்றவற்றில்தான் சிக்கல் இருந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. கொட்டகை வாசலில் பழுத்த கொய்யாவின் வாசனை கொஞ்சம் அதிகமாகவே வர ஆரம்பித்துவிட்டது. லாரியோ கிடையாது. தோட்டக்காரர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது என்று ஈஸ்வரி கலங்கினாள். நான் முதல் பெட்டியைத் தூக்கி பஸ்ஸின் முன்சீட்டில் வைத்தேன். யாரையும் கேட்கவில்லை. முதலாளி ஒரு நொடி பார்த்தார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு இரண்டாவது பெட்டியைத் தூக்கினார். அப்புறம் வரிசை தானாக உருவாகிவிட்டது. துக்கத்துக்கு வந்தவர்கள் வெள்ளைச் சட்டையோடு பெட்டி கடத்தினார்கள். சீட்டுக்கு ரெண்டு பெட்டி, நடுவழியெல்லாம் ஐஸ். பத்து மணி சுமாருக்கு எடுத்துவிட்டோம். நாற்பது பேரும் பிரியாணி சாப்பிட்டுவிட்டு டவுன் பஸ்ஸில் ரயிலடிக்குப் போனார்கள்.

என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை. ஏஐயையும் அனுப்பவில்லை. அது எழுதுவதை நான் மைக்கில் உரக்கப் படிக்க வேண்டும், மூன்று பேரும் சரி சொன்ன பிறகுதான் போக வேண்டும், அடியில் அந்த வரி இருக்க வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அப்படித்தான் நடக்கிறது. நேரம் கொஞ்சம் கூடுதலாகிறது. ஆனால் இப்போதுதான் நாங்கள் என்ன முடிவு செய்கிறோம் என்பது எனக்கே தெரிகிறது. ஈஸ்வரிக்கும் அதைப் பிடித்துவிட்டது. "நான் அப்படிச் சொல்லலீங்க" என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது அதைத் திருத்துவாள்.

சாருக்கு வந்த லாபம் தனி. வியாழக்கிழமை மாலையே கம்பெனியின் வாட்ஸ்அப் குழுவில் முதலாளி ஓர் இரங்கல் எழுதியிருந்தார். ஆரோக்கியசாமி மூன்று வருஷமாக ஒரு குளிரறை கேட்டார், உயிரோடு இருக்கும்போது செய்துகொடுக்காமல் போனேனே, அவர் பெயரிலேயே கட்டுவேன் என்று உருகியிருந்தார். வாய் திறக்க முடிந்ததும் சார் செய்த முதல் வேலை முதலாளிக்குப் போன் போட்டதுதான். "பேரெல்லாம் வேணாங்க. ரூம் போதும்" என்றார். இப்போது கொட்டகைக்குப் பக்கத்தில் அந்தக் குளிரறை இருக்கிறது. மத்தியான வெயிலில் ஏதாவது காரணம் சொல்லி நாங்கள் எல்லோரும் உள்ளே போய்வருவோம்.

எனக்கு வந்த வினை வேறு மாதிரி. போன வருஷம் சித்தையன்கோட்டையில் என் வீட்டுக்காரரின் பெரியப்பா தொண்ணூறு வயதில் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தார். நான் பக்கத்தில் இருந்ததால் சொந்தக்காரர்களுக்கெல்லாம் நானே போன் செய்தேன். ஒருத்தர்கூடக் கிளம்பவில்லை. "சரிம்மா, வேற யாராவது இருந்தா குடு" என்றார் ஒருவர். என் நாத்தனார், நீங்கள் நேரில் பார்த்தீர்களா அல்லது மீட்டிங்கில் சொன்னார்களா என்று கேட்டாள். என் வீட்டுக்காரர் ஒவ்வொருவராகத் திரும்பக் கூப்பிட்டு, ஆமாம் உண்மைதான் என்று சொன்ன பிறகே ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

என் ஒரு வார்த்தையை நம்பி மாலையோடு முதல் ஆளாக வந்தவர் ஆரோக்கியசாமி சார்தான். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. சார் நேராக ஐஸ் பெட்டியருகே போனார். மாலையைக் கையிலேயே வைத்துக்கொண்டு, குனிந்து, கண்ணாடி வழியாகப் பெரியப்பாவைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு மாலையை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பித் தலையை ஆட்டினார்.

"இது சரியா இருக்கும்மா. அனுப்பிரலாம்."