முப்பதாம் நாள் பூசைக்கு வந்து நீ மாட்டின லைட்டு

சேசு மரி சூசை துணை

ஜங்லிகாட், போர்ட் பிளேர்

அன்புள்ள கொழுந்தன் ஜெனிஷுக்கு மதினி ஜாக்குலின் எழுதிக்கொள்வது. உனக்கும் லூசிக்கும் பிள்ளைகளுக்கும் மாதாவின் ஆசீர் நிறைவாக உண்டாகட்டும். இங்கே நானும் உங்க அண்ணனுடைய மீன் வேனும் இருக்கிறோம். சுகமா என்று கேட்பதாக இருந்தால் வேனை முதலில் கேள். வாட்ஸ்அப்பில் எழுதினால் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவாய். அதனால்தான் லெட்டர். லூசி சத்தமாகப் படிக்கட்டும்.

உங்க அண்ணன் செத்த முப்பதாம் நாள் பூசைக்குத் தூத்துக்குடியிலிருந்து மெட்ராஸ் போய்க் கப்பல் ஏறி வந்தாய். பூசையில் முழங்கால் போட்ட நேரம் கொஞ்சம், வேனுக்கு அடியில் படுத்த நேரம் ரொம்ப. இருபது வருசமா அவரு ரிவர்ஸ் எடுக்கும்போது நான்தான் பின்னாடி நின்னு வேனைத் தட்டி "ஆனே தோ, ஆனே தோ"ன்னு, வரட்டும் வரட்டும்னு, இந்தியில சொல்லுவேன். இப்ப நான் ஓட்டுறேன், பின்னாடி நிக்க ஆள் இல்ல. "அதுக்குத்தான் மதினி, ரிவர்ஸுக்கு ரெண்டு லைட்டு கூட மாட்டுறேன்"னு நீ சொன்னப்ப எனக்கு அழுகை வந்துருச்சு. அழுததுல லைட்டைச் சரியா பாக்கல. அது கடல்ல கணவாய் மீன் பிடிக்கப் போட்டுல கட்டுற பெரிய லைட்டு. மெக்கானிக் சுதாகர்கிட்ட விடுவோம்னேன். "போட்டுக்கே வயரிங் பண்றவன் நான்"னு சொல்லி, பழைய ரிவர்ஸ் லைட்டு வயரைச் சுரண்டி, உன் வயரை அதோட முறுக்கி, டேப்பைச் சுத்தி, போட்டோ எடுத்துக் குடும்ப குரூப்புல போட்டுட்டுக் கப்பல் ஏறிட்ட.

மறுநாளே ஆரம்பிச்சுது. ரிவர்ஸ் போட்டா லைட்டு ஒரு நிமிசம் எரியும், அப்புறம் அணையும், கூடவே வைப்பரும் சாகும். ரெண்டுக்கும் ஒரே ஃபியூஸாம். இங்க மழை எத்தனை மாசம் பெய்யும்னு உனக்கே தெரியும். போன் பண்ணினா, "ஃபியூஸ்ல சிகரெட் பாக்கெட் தகடைச் சுத்தி வைங்க மதினி"ன்ன. வெச்சேன். அப்புறம் ஃபியூஸ் போகல, வயர்தான் போச்சு, எப்படின்னு கேளு. பாம்பூஃப்ளாட் போற பெர்ரியில வண்டியை ரிவர்ஸ்லதான ஏத்தணும். ஏத்தினேன். லைட்டு நேரா பெர்ரி ஆளு லஸ்கர் மூஞ்சியில அடிச்சுது. கைகாட்டி வழி சொல்ல வேண்டிய மனுசன் ரெண்டு கையாலயும் கண்ணைப் பொத்திக்கிட்டு "தீதி, பந்த் கரோ"ன்னு, அணைக்கச் சொல்லிக் கத்துறான். நான் எதைப் பாத்து வர்றது? கயிறு கட்டுற இரும்புத் தூண்ல இடிச்சேன். அதுக்குள்ள பின்னாடி புகை. அக்கரையில நம்மகிட்ட மீன் வாங்குற சொர்ணம்மா கூடையை மோந்து பாத்துட்டு, "புகை போட்ட மீனாக்கா? எங்களுக்குப் பச்சை மீனே போதும்"னா.

இதைக் கேள்விப்பட்டு நீ குரூப்புல என்ன எழுதின? "பொம்பளைக்கு ரிவர்ஸ் வராது. வேனைக் கப்பல்ல ஏத்தி அனுப்புங்க, நான் ஓட்டிக்கிறேன்." பதினோரு பேர் கட்டைவிரல் போட்டாங்க. உங்க அண்ணன் செத்ததுக்கு கைகூப்புன படம் ஒன்பதுதான் வந்துச்சு.

சுதாகர் டேப்பைப் பிரிச்சுப் பாத்துட்டு ரொம்ப நேரம் சிரிச்சான். பழைய வயர் ரெண்டு சின்ன பல்புக்குப் போட்டதாம். கூட லைட்டு மாட்டணும்னா பேட்டரியில இருந்து தடிச்ச வயர் தனியா இழுத்து, தனி ஃபியூஸ் போட்டு, நடுவுல ரிலேன்னு ஒண்ணு வைக்கணுமாம். அது என்னதுன்னேன். "பழைய வயர் சேதி மட்டும் சொல்லும்க்கா, பாரத்தைத் தடிச்ச வயர் சுமக்கும்"னான். சட்டுனு புரிஞ்சுபோச்சு. நீயும் லூசியும்.

எனக்கும் அலுத்துப்போச்சு தம்பி. அவரு உக்காந்து உக்காந்து சீட்டுல பள்ளம் கெடக்கு. அதுல உக்காந்தா எனக்கு ரோடு தெரியல, தலையணை போட்டு ஓட்டுறேன். நீயே வந்து எடுத்துக்க. ஆர்சி புக்கு அவரு பைபிளுக்குள்ள இருக்கு. போறப்ப உன் லைட்டையும் கழட்டிட்டுப் போ.

பிள்ளைகள் நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை போடு. உன்னையும், உன் கையில் டெஸ்டர் இருக்கும்போது உன் பக்கத்தில் இருப்பவர்களையும் மாதா காப்பாற்றுவாளாக.

இப்படிக்கு,
மதினி ஜாக்குலின்

பி.கு.: இதை ஒட்டுறதுக்குள்ள ரெண்டு நாள் ஆயிருச்சு. நீ வர்ற வரைக்கும் வேன் எரியாம இருக்கட்டும்னு சுதாகர்கிட்ட ரிலே வைக்கச் சொல்லிட்டேன். நேத்து பெர்ரி ஜெட்டியில மழை மூடி நாலு மணிக்கே கருக்கல், கரண்டும் இல்ல. ஏறுற பலகை தெரியாம எல்லா வண்டியும் நிக்குது. அதே லஸ்கர் ஓடி வந்து, "தீதி, ஆப்கா வாலா ஜலாவோ"ன்னான், உங்க லைட்டைப் போடுங்கன்னு. ரிவர்ஸைப் போட்டு, கிளட்சையும் பிரேக்கையும் மிதிச்சுக்கிட்டு உக்காந்தேன். பலகை பூரா பகல் மாதிரி. இந்தத் தடவை அவன் ஓரமா நின்னுக்கிட்டான். ஆறு வண்டி என் வெளிச்சத்துல ஏறுச்சு. கடைசியா நான், எதுலயும் இடிக்காம. அதனால லைட்டு இருக்கட்டும். வேன் வராது, கேக்காத. ஆண்டுப் பூசைக்கு நீ மட்டும் வா. வந்தா அடியில படுக்காத, பின்னாடி நின்னு தட்டு. ஜெட்டியில எவன் எவனோ "ஆனே தோ"ங்கிறான். நம்ம வீட்டுக் குரல்ல ஒருதரம் கேக்கணும்.