மேடத்தின் காய்ந்த பாத்திக்கு நடந்த பாராட்டு விழா

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம், என்னைத் தவிர. அங்கே அக்காவும் நலமாகத்தான் இருப்பாள். இல்லையென்றால் போனில் கத்தியிருப்பாள்.

உங்கள் பம்பு கம்பெனியில் நீங்கள் சொன்ன அந்த வேலை இன்னும் காலியாக இருந்தால் எனக்கே பேசி முடித்துவிடுங்கள். ஏன் என்கிறீர்களா? எங்கள் விவசாய ஆராய்ச்சி நிலையத்து மேடம் இந்த மாதத்தோடு ஓய்வு பெறுகிறார், அவரோடு என் தற்காலிக வேலையும் முடிகிறது. வறட்சியில் எந்தச் சோளம் தாக்குப்பிடிக்கும் என்று பார்ப்பதிலேயே சர்வீஸ் முழுவதையும் கழித்தவர். அவருடைய கடைசிப் பாத்தி ஆபீஸுக்குப் பின்னால் இருக்கிறது. மழை விழாமல் கூரை போட்டு, மண்ணின் ஈரத்தை அளக்க ஈரமானி புதைத்து, முளைத்ததிலிருந்து சொட்டுத் தண்ணீர் காட்டாமல் காயப்போட்டது. அதில் யாரும் வாய்கூடக் கொப்பளிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. இதற்கா இன்ஜினியரிங் படித்தாய் என்று நீங்கள் கேட்டபோது கோபம் வந்தது, இப்போது வரவில்லை. அடுத்த வாரம் அறுத்து எடை போட்டிருந்தால் மேடத்தின் ஆராய்ச்சி முடிந்திருக்கும். அதற்குள் டைரக்டர் அங்கேயே பாராட்டு விழா வைத்தார். "பின்னாடி செடி இருந்தா போட்டோ நல்லா வரும்பா" என்றார். "அது செத்துக்கிட்டு இருக்கிற செடி சார்" என்றேன். "நீ போய்க் கேடயத்த வாங்கிட்டு வா" என்று துரத்திவிட்டார். கடைக்காரர் கேடயத்தில் கால்பந்தை உதைக்கும் ஆளின் படத்தைப் போட்டு வைத்திருந்தார். அவரோடு மல்லுக்கட்டிவிட்டுத் திரும்பினால், அத்தான், பாத்தி சதசதவென்று கிடக்கிறது! ஆபீஸில் ஆளுக்கொரு வாளி ஊற்றியிருக்கிறார்கள். ஈரமானிக்குள்ளே தண்ணீர் புகுந்து அது ஊமையாகிவிட்டது. கணக்குப் பிரிவு அக்கா, "வாடிப்போய்க் கெடக்குதுப்பா, பாவம்! மேடம் போற அன்னிக்காவது பசேல்னு இருக்கட்டுமே" என்று கண்கலங்குகிறார். யாரைத் திட்டுவது? எல்லோருக்கும் மேடம்மேல் கொள்ளைப் பிரியம். அவர் என்ன வேலை பார்த்தார் என்பதுதான் ஒருத்தருக்கும் தெரியாது.

விழாவில் டைரக்டர், "வறட்சியின் வளர்ச்சிக்குத் தன்னையே அர்ப்பணித்தவர்" என்றார். கைதட்டினார்கள். மேடம் மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்து மாலையோடு மேடையிலிருந்து இறங்கி வந்து, "எத்தன வாளி?" என்றார்.

"தெரியல மேடம்."

"தெரியலன்னா எப்படிப்பா?"

அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை. அப்படியே வண்டியேறிப் போய்விட்டார். ஒரு மனுஷியின் கடைசி விடை, போட்டோவுக்காகச் சேறாகிவிட்டது. தண்ணீர் விட்ட அன்றே செடி பச்சையாகாது என்று யாருக்கும் தோன்றாததால் போட்டோவும் உருப்படவில்லை.

எனக்கு அலுத்துவிட்டது, அத்தான். பம்பு என்றால் தண்ணீர் வந்தால் சரி, வராவிட்டால் ரிப்பேர். அந்த நியாயமே எனக்குப் போதும். மேனேஜரிடம் பேசுங்கள். அக்காவுக்கு அன்பு, குட்டிப்பயலுக்கு முத்தம், உங்களுக்கு முன்கூட்டியே நன்றி.

இப்படிக்கு,
உங்கள் மச்சினன்

பி.கு.: மேனேஜரிடம் பேசிவிடாதீர்கள். இதைத் தபாலில் போட மறந்து நாலைந்து நாள் பையிலேயே சுமந்தேன். இன்று காலையில் பார்த்தால் மேடம் பாத்தியில் முழங்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார். செத்ததென்று நாங்கள் கழித்துக்கட்டிய ஒரு வரிசையில் புதுக் குருத்து! மற்றதெல்லாம் சருகு. "காயிறப்ப எது தாங்கும்னே பாத்துக்கிட்டு இருந்துட்டேன்பா. மழ லேட்டா வந்தா எது திரும்பி எழுந்திரிக்கும்னு கேக்கவே இல்ல" என்றார். நேராக டைரக்டரிடம் போய் ஒரு வருடம் நீட்டிப்புக் கேட்டு வாங்கிவிட்டார். எனக்கும் சேர்த்து. அன்றைக்கு ஊற்றிய அதே அளவை மறுபடி ஊற்ற வேண்டுமாம். எத்தனை வாளி என்று ஆபீஸ் முழுக்க விசாரித்துவிட்டேன். ஒருத்தர்கூட அந்தப் பாத்திப் பக்கம் போகவே இல்லையாம்.